சட்ட ஆலோசனை: ஜொகூரில் கட்டிய வரி உட்லண்ட்சில் செல்லாது

கேள்வி: குடும்பத்தோடு ஜொகூர் பாரு போய்விட்டுத் திரும்பும்போது சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் காரைத் திறந்து பார்த்தார்கள். கார் அண்ணனுடையது. டிக்கியில் மாவுப் பைக்கு அடியில் இருந்த மூன்று கார்ட்டன் சிகரெட்டும் அம்மாவின் ஜர்தா (மெல்லும் புகையிலை) டப்பாவும் பிடிபட்டன. பாக்கெட்டில் மலேசிய வரி முத்திரை இருக்கிறது, கடை ரசீதும் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கண்முன்னே அதிகாரி கத்தினார். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் சிகரெட் தீர்வையை (சுங்க வரியை) ஏற்றினால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? கேட்டிருந்தால் கட்டியிருப்பேன். இப்போது ஒரு சமரசத் தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கட்டாமல் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாமா? கூட வந்த மைத்துனர் ஒரு கார்ட்டனைத் தன்னுடையது என்று சொல்லத் தயாராக இருக்கிறார். – வாசகர், ஈசூன்

பதில்: கட்டிவிடுங்கள்.

அதிகாரி கத்தியது, தீர்வை ஏறியது, மலேசிய முத்திரை எதுவும் இதில் வராது. முத்திரை மலேசிய அரசுக்குப் போன வரியைத்தான் காட்டும். சிகரெட்டுக்கு இங்கே வரிவிலக்கு ஒரு குச்சிக்குக்கூடக் கிடையாது. சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: அதிகாரி டிக்கியைத் திறக்கும் முன் நீங்களாக வாய் திறந்து சொன்னீர்களா? சொல்லவில்லை. ‘கேட்டிருந்தால் கட்டியிருப்பேன்’ என்பது உங்களுக்குச் சாதகம் என்று நினைக்கிறீர்கள். அறிவிக்க வேண்டும் என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்றுதான் அதற்கு அர்த்தம். ‘மாவுப் பைக்கு அடியில்’ என்பது அதைவிட மோசம். மறைத்து வைத்ததாக அரசுத் தரப்பு வாதிட அந்த மூன்று சொல் போதும். அதை இனி எங்கும் எழுதித் தராதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 2023 பிப்ரவரி 14-ல் தீர்வை 15 சதவீதம் உயர்ந்து, குச்சிக்கு 42.7 காசாக இருந்தது 49.1 காசானது. ஒரு கிராமுக்கோ அதன் பகுதிக்கோ அந்தத் தொகை, குச்சி 1.1 கிராம் இருந்தால் இரண்டாகக் கணக்கு. அந்த விகிதத்தில் பார்த்தாலே மூன்று கார்ட்டனின் 600 குச்சிக்கு 294 சிங்கப்பூர் வெள்ளி 60 காசு. அதற்கு மேல், பொருளின் மதிப்பையும் தீர்வையையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீதப் பொருள் சேவை வரி. குற்றம் நிரூபணமானால் ஏய்த்த தீர்வை, வரிக்கு 40 மடங்கு வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தீர்வையை மட்டும் எடுத்தாலே 40 மடங்கு 11,784 வெள்ளி. முதல்முறை சிக்குபவருக்கும் நீதிமன்றத்தின் குறைந்தபட்ச அபராதம் 2,000 வெள்ளி.

சமரசத் தொகை உங்கள் உரிமை அல்ல, சுங்கத்துறை தரும் வாய்ப்பு. கெடு தாண்டினால் வழக்கு வரும். தவணை வேண்டுமானால் கெடுவுக்கு முன் எழுதிக் கேளுங்கள், கிடைத்தால் நல்லது. அந்தக் கடிதத்தில் ‘நான் குற்றமற்றவன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். கட்டி முடித்தால் அது நீதிமன்றத் தண்டனை ஆகாது. சிகரெட் திரும்பக் கிடைக்காது, அதை மறந்துவிடுங்கள்.

இப்போது மைத்துனர் விஷயம். இந்த வழக்குகளில் ஆட்கள் விழும் குழி இதுதான். ஆளுக்கு ஒரு கார்ட்டன் என்று பங்கு போட்டால் அளவு குறையும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரே ரசீது, ஒரே அட்டையில் கட்டிய பணம், ஒரே பை. இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து ‘எந்தக் கடை, எத்தனை மணி, யார் பணம் கொடுத்தது’ என்று கேட்டால் இரண்டாவது கேள்வியிலேயே கதை பிரிந்துவிடும். அப்போது அறிவிக்காத குற்றத்தோடு அதிகாரியிடம் பொய் சொன்ன குற்றமும் சேரும். அவர் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரானால் இழப்பு உங்களைவிட அவருக்குத்தான். தண்டனை பெற்றால் வேலையே போகலாம்.

அடுத்தது கைப்பேசி. ‘அண்ணே, வரும்போது ரெண்டு கார்ட்டன், காசு அப்புறம் தரேன்’ என்ற வாட்ஸ்அப் செய்தி ஒன்று இருந்தாலே சொந்த உபயோகம் என்ற பேச்சு முடிந்தது. லாபம் வைக்காமல் கொடுத்தாலும் தீர்வை செலுத்தாத பொருளைக் கைமாற்றியதுதான். செய்தியை அழிக்காதீர்கள், அழித்தது தெரிந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். வாக்குமூலத்தில் கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். முந்தைய பயணங்களைப் பற்றி நீங்களாக அளக்க வேண்டாம். தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து.

குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனம் பறிமுதலாகலாம் என்பதை அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லுங்கள்.

ஜர்தா வேறு வழக்கு. குட்கா, கைனி, ஜர்தா மூன்றும் 2016 ஆகஸ்ட் 1 முதல் இங்கே தடை. பொருள்களை அறிவிப்பதற்கான சிவப்பு வழியில் போய் அறிவித்திருந்தாலும் அனுமதி கிடைத்திருக்காது, ஏனென்றால் இது தீர்வைப் பிரச்சினையே இல்லை. சுகாதார அறிவியல் ஆணையத்திடமிருந்து தனியாகக் கடிதம் வரலாம். சுங்கத்துறைக்குக் கட்டியதோடு எல்லாம் முடிந்தது என்று அதைக் குப்பையில் போடாதீர்கள். அம்மாவுக்கு வெற்றிலை பாக்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது கஷ்டம்தான், தெரியும்.

இனிமேல் கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால் கேட்கும் முன் சொல்லி, கட்டி, ரசீதைச் சிகரெட்டோடு சேர்த்தே வையுங்கள். 2009 முதல் இங்கே விற்கும் ஒவ்வொரு குச்சியிலும் எஸ்டிபிசி (SDPC, இங்கே தீர்வை கட்டிய சிகரெட்) என்ற எழுத்து இருக்கும். அது இல்லாத குச்சியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் அடியில் நின்று புகைக்கும்போது அதிகாரி கேட்டால் ரசீது ஒன்றுதான் பதில். 400 கிராமுக்கு மேல் என்றால் சுங்க அனுமதிச் சீட்டு வேண்டும். உங்கள் மூன்று கார்ட்டன் பெரும்பாலும் அந்த வரம்பையும் தாண்டியிருக்கும்.

இரண்டாம் முறை சிக்கினால் குறைந்தபட்ச அபராதம் 4,000 வெள்ளி. 2 கிலோவுக்கு மேல் இருந்தால் சிறை கட்டாயம். அப்போது சமரசத் தொகை பற்றிய கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.