டாக்டரம்மா பதில்கள்: ‘ஸ்கோப்பில் ஒன்றும் இல்லையாம், ஆனால் ஆத்தா சாப்பிடுவதில்லை’

அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது காரைக்குடியில் வசிப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 66 வயது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமத்தில், அவ்வளவு பெரிய வீட்டில் சமையலுக்கு ஓர் ஆளோடு இருக்கிறார். அப்பச்சி (அப்பா) தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. கல்யாண வீட்டுப் பலகாரத்துக்கு ஆள் வைத்து, பக்கத்தில் நின்று பதம் பார்த்தவர், ஆடி மாதத்திலிருந்து அடுப்படிப் பக்கமே போவதில்லை. வயிற்றெரிச்சல், தலைபாரம், உடம்பெல்லாம் வலி என்கிறார். மதுரையில் ஸ்கோப், ஸ்கேன் எல்லாம் எடுத்தோம், ஒன்றும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நன்றாக இளைத்துவிட்டார். மறதியும் வந்துவிட்டது. போனில் ‘நான் போய்ட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்கிறார். பெரியவர்கள் வைரவன்பட்டி கோயிலில் விளக்குப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: முதலில் அந்தப் போன் பேச்சு. ‘அப்படியெல்லாம் பேசாதீங்க ஆத்தா’ என்று வாயை மூடிவிடாதீர்கள். ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒருவராவது கேட்டாரே என்று அழுதுவிட்டு, அதற்குப் பிறகு மனம்விட்டுப் பேசியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ‘ஆமாம்’ என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ தனியாக விடாதீர்கள். பிரஷர், சுகர் மாத்திரைகள் சமையல் ஆளின் பொறுப்பில் இருக்கட்டும். வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்கட்டும். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நடு இரவு என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. சென்னையிலிருந்து நீங்களே கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருவோம். நம் பக்கத்து ஆச்சிமார் யாரும் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு என் ஓ.பி.க்கு வந்ததில்லை. வயிறு எரிகிறது, உச்சி காய்கிறது, கால் குடைகிறது என்றுதான் வருவார்கள். கையில் தடிமனாக ஒரு ஃபைல் இருக்கும், அத்தனை ரிப்போர்ட்டும் நார்மல். அதற்காக வலி பொய் என்று அர்த்தமில்லை. மனநிலையைக் கவனிக்கும் செரோடோனின் போன்ற ரசாயனங்களுக்கே வலியை அடக்குவதிலும் பங்கு உண்டு. அந்த ஏற்பாடு கெட்டால் வலிதான் முதலில் தெரியும். சோகம் தெரியாமலே போகலாம். விடியுமுன் விழிப்பு, பசியில்லாமை, இளைப்பு, பிடித்த வேலையில் வெறுப்பு, நான் எல்லோருக்கும் பாரம் என்ற நினைப்பு. இவை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். உங்கள் ஆத்தாவுக்கு மாதக்கணக்கில் இருக்கிறது.

‘புருஷன் போன துக்கம் இருக்கத்தானே செய்யும்’ என்று ஊரில் சொல்வார்கள். துக்கம் வந்து வந்து போகும். திவசத்தன்று அழுதவர், மறுநாள் பேரன் வீடியோ காலில் வந்தால் சிரித்துவிடுவார். பேரன் வந்தும் முகம் மாறவில்லை என்றால் அது துக்கம் மட்டுமில்லை.

மறதிக்கு உடனே பயப்பட வேண்டாம். வயதானவர்களின் மனச்சோர்வு பல சமயம் மறதி நோய் மாதிரியே தெரியும். ‘எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை’ என்று அவரே புலம்பினால் பெரும்பாலும் சோர்வுதான். மறதி நோய்க்காரர் அதை ஒப்புக்கொள்ளாமல் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். இதை நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சோடியம் நான்கும் பார்த்துவிடச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் ஏறக்குறைய இதே கோலம்தான்.

அவரை எப்படி அழைத்துப்போவது? கண் டாக்டர் என்று பொய் சொல்லிக் கூட்டிவருகிறார்கள். வாசலில் போர்டைப் பார்த்ததும் ரகளை, அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்புவதில்லை. ‘தூக்கம் வரலைன்னு சொல்றீங்களே ஆத்தா, அதுக்குப் பார்ப்போம்’ என்றால் போதும், அதுதானே உண்மையும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை இராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். கிழமையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்குக் காசு வாங்குவதில்லை. ‘நாம போய் தர்மாஸ்பத்திரி வரிசையில நிக்கிறதா’ என்று பங்காளி வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். தனியாரிடம் போங்கள், தப்பில்லை. கௌரவம் பார்த்துப் பார்த்தே ஆறு மாதத்தைத் தள்ளிவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கோபம்.

செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் மாதிரி ஒரு மாத்திரை எழுதுவார்கள். முதல் வாரம் குமட்டும், வயிறு கொஞ்சம் கலங்கும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுதாகத் தெரிய இன்னும் சில வாரம். பத்தாம் நாள் ‘ஒண்ணும் கேக்கல’ என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் தூக்கமும் பசியும் முதலில் திரும்பும், மனசு பின்னால் வரும். வயதானவர்களுக்கு இந்த மருந்தில் சோடியம் இறங்கலாம். தள்ளாட்டம், குழப்பம் தெரிந்தால் உடனே ரத்தம் பார்க்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் போட வேண்டும். அவர் வயதுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

வீட்டில், சீடை உருட்டினால் பழைய மனுஷி ஆகிவிடுவார் என்று மாவைக் கொண்டுபோய் முன்னால் வைக்காதீர்கள். கால் உடைந்தவரை ஓடச் சொல்கிற கதை அது. காலையில் முகப்புக்கு வந்து வெயிலில் உட்காரட்டும். ஒரு வாரம் போனால் சமையல் ஆளோடு ஊருணி வரை ஒரு நடை. அப்புறம் கீரை ஆயட்டும். பதம் பார்க்க அவராகவே வருவார். ‘மனச தைரியமா வச்சுக்கங்க’ என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதீர்கள்.

வைரவன்பட்டிக்குத் தாராளமாகப் போங்கள். வீட்டை விட்டு வெளியே வர அதுவும் ஒரு காரணம்தானே. ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. விளக்கும் போடுங்கள், மாத்திரையும் போடுங்கள்.

கேள்வி: தூக்கத்துக்காக மூன்று வருடமாக அல்பிரசோலாம் மெடிக்கலில் வாங்கிப் போடுகிறேன். இப்போது டாக்டர் மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் தருகிறார். அது பழகிவிடுமோ என்று பயம்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: பயப்பட வேண்டிய மாத்திரையைத்தான் மூன்று வருடமாக நம்பிக்கையோடு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பழகுவது அல்பிரசோலாம்தான். சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். எஸ்சிடலோபிராமுக்கு ஏங்க வைக்கும் குணம் கிடையாது. அதையும் நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும் என்பதால் அதற்கும் இறக்கும் முறை உண்டு.

கேள்வி: என் மகன் இரண்டு வருடம் முன்பு மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுக் குணமாகி, வேலைக்குப் போகிறான். பெண் பார்க்கிறோம். சொல்ல வேண்டுமா?
– ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: பெண்ணிடம் சொல்ல வேண்டும், நீங்கள் இல்லை, உங்கள் மகன் சொல்ல வேண்டும். வளவு முற்றம் நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் அறிவிக்கத் தேவையில்லை. ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மறுபடி வரலாம். அப்போது முதலில் கவனிக்கப்போவது அவள்தான், தூக்கம் கெடுவதிலேயே கண்டுபிடித்துவிடலாம். ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று அவள் சொன்னால் யோசிக்க விடுங்கள். அதற்குள் அடுத்த ஜாதகத்தைக் கையில் எடுக்காதீர்கள்.