உப்பு ஏறிய கழனிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: நம் பக்கத்திலேயே அனல்மின் நிலையங்கள் புகை கக்குகின்றன. அப்படி இருக்க, கழனியில் உப்பு ஏறுவதற்கு அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் குறை சொல்வது தட்டிக்கழிக்கிற பேச்சு இல்லையா?
– ஒரு விவசாயி, ஆரம்பாக்கம்

பதில்: நம் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்ததற்கு முக்கியக் காரணம், போர்வெல் போட்டு நிலத்தடி நீரை அளவில்லாமல் உறிஞ்சியதுதான். நெல்லூர்க் கரையோரம் உப்புநீர் இறால் குட்டைகள் பெருகியதும் நம் ஆட்கள் செய்த வேலை. அதற்கெல்லாம் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் கடல் மட்டமே உயர்வது வேறு கணக்கு. 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. தண்ணீர் சூடேறினால் விரியும். பனிமலை உருகினால் அதுவும் கடலில்தான் வந்து சேரும். சூடேற்றும் கரியமில வாயு ஒருமுறை மேலே போனால் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கும். அதனால் இன்றைய புகையை மட்டும் பார்த்தால் போதாது, பழைய பாக்கியையும் பார்க்க வேண்டும். தொழிற்புரட்சி முதல் இதுவரை வெளியான கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. இன்றைக்கு வருடத்துக்கு அதிகம் விடுவது சீனா, அதையும் விட்டுவிட வேண்டாம். வங்கதேசத்திலோ ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு டன்கூட இல்லை; அமெரிக்காவில் சுமார் 14 டன்.

அந்த வங்கதேசத்தைப் பாருங்கள். 2009 மே மாதம் ஐலா புயலில் குல்னா, சாத்கீரா பக்கம் மண் கரைகள் உடைந்தன. சில ஊர்களில் ஓராண்டுக்கு மேலாக வயலில் கடல் ஓதம் ஏறி இறங்கியது. புயல் எந்தக் காலத்திலும் உண்டு. கடல் உயர்ந்து நிற்கும்போது அதே புயல் இன்னும் தூரம் உள்ளே வருகிறது. நாற்றிலும் பூக்கும் பருவத்திலும் உப்பு பட்ட நெல் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலை நுனி கருகும், கதிர் வந்தாலும் பதர்தான். புகை விட்டவனுக்கு அங்கே ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது.

எனக்கு ஆத்திரம் வருவது அப்புறம் நடந்ததைப் பார்த்துத்தான். வளரும் நாடுகள் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க, 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகை எட்டப்பட்டது 2022-இல்தான், அதுவும் பெரும்பகுதி கடனாக! வரப்பை உடைத்துப் பயிரை அழித்தவன், விதைநெல்லுக்கு வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று வந்து நின்றால் நம் ஊர்ப் பஞ்சாயத்து ஒத்துக்கொள்ளுமா? இழப்புக்கென்று தனி நிதி வைக்கவே 2022 வரை இழுத்தடித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு துபாய் மாநாட்டில் அந்த நிதிக்கு அமெரிக்கா அறிவித்த தொகை 1.75 கோடி டாலர்.

ஆகவே, இதை உதவி என்று யாரும் சொல்ல விடாதீர்கள். தர வேண்டிய பாக்கி இது. வனுவாட்டு என்ற சின்னத் தீவு நாடு முன்நின்று கேட்டதால், 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் கருத்துச் சொல்லிவிட்டது: பருவநிலையைக் காக்கும் கடமையிலிருந்து தவறும் நாடு, அதனால் விளைந்த சேதத்துக்கு ஈடு தர வேண்டி வரலாம். அந்தக் கருத்து யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் வழக்குப் போடுகிறவர்களுக்கு இனி அது கையில் இருக்கிறது.