பரவாயில்லையே!

கேள்வி: தங்கை மகளுக்கு வங்கியில் வேலை கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. சந்தோஷத்தில் ‘பரவாயில்லையே’ என்று பதில் போட்டேன். ‘பெரியம்மாவுக்கு வயிற்றெரிச்சல்’ என்கிறாளாம். தொனியைக் காட்டத் தமிழில் போதுமான குறிகள் இல்லையா?
- வாசகி, தேனி

பதில்: குறிகளை விடுங்கள். அந்தக் கடைசி ‘ஏ’யைப் பார்ப்போம். குரலில் ஏற்ற வேண்டியதில் பாதியை நாம் எழுத்திலேயே வைத்திருக்கிறோம்: ஏ, ஓ, உம், தான். சிலப்பதிகாரத்தில் தன் தீர்ப்பு தவறியது தெரிந்ததும் பாண்டியன் சொல்கிறானே, ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று! அந்த ‘ஓ’, நான் அரசனே இல்லை என்கிறது. அந்த ‘ஏ’, கள்வன் கோவலன் அல்லன், நான்தான் என்கிறது. ‘இல்லை’ என்ற சொல் அங்கே கிடையாது. ஓலையில் கேள்விக்குறி ஏது? இரண்டே உயிரெழுத்துகள் ஒரு மன்னனை அரியணையிலிருந்து இறக்கிவிடுகின்றன. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், குரல் தானாக ‘யானோ’வில் ஏறி ‘யானே’யில் இறங்கும்.

இதனால்தான், முன்பே பலமுறை எழுதியதை மறுபடியும் எழுதுகிறேன். அழுத்தம் தரும் ‘தான்’ முந்தைய சொல்லோடு ஒட்டித்தான் வர வேண்டும். ‘அவன் தான் வாங்கிய கடனை அடைத்தான்’ என்றால் கடன் வாங்கியவனும் அவனே. ‘அவன்தான் வாங்கிய கடனை அடைத்தான்’ என்றால் வாங்கியது யாரோ, அடைத்தது அவன். பேசும்போது ‘அவன்’ என்பதற்குப் பின் சின்னதாக மூச்சு விடுகிறோமே, அதுதான் அந்த இடைவெளி. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ‘தான்’ என்பதைச் சேர்ப்பார், அடுத்தவர் பிரிப்பார். இருபது வருஷமாக இந்தச் சண்டை ஓயவில்லை. நான் விட்டுக்கொடுப்பதாகவும் இல்லை.

சரி, உங்கள் ‘ஏ’க்கு வருவோம். தொல்காப்பியர் ஏகாரத்துக்கு ஐந்து வேலை கொடுத்திருக்கிறார்: தேற்றம் (உறுதி), வினா, பிரிநிலை (மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது), எண் (அடுக்கி எண்ணுவது), ஈற்றசை (பொருளின்றி இறுதியில் நிற்பது). வியப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் குரல்தான் கொண்டுவர வேண்டும். ‘இல்’லில் குரலை உயர்த்தி ‘யே’யை நீட்டினால் பாராட்டு. தட்டையாக முடித்தால், ‘இவளுக்குக்கூடக் கிடைத்துவிட்டதே’ என்றாகிவிடும். உங்கள் மகள் முறைப் பெண் அதைத் தட்டையாகப் படித்துவிட்டாள், அவ்வளவுதான். அவள் வேலையில் சேருவதற்குள் போன் போட்டு, அதே சொல்லை நன்றாக நீட்டிச் சொல்லிவிடுங்கள்.