சிகே20 பாசிட்டிவ், டிடிஎஃப்-1 நெகட்டிவ் என்றால்?

அப்பாவின் கன்னத்தில் வந்த சிறுசெல் கட்டி (சிறிய செல்களாலான புற்று) நுரையீரலில் இருந்து பரவியதா, ரிப்போர்ட்டில் சிகே20 பாசிட்டிவ், டிடிஎஃப்-1 நெகட்டிவ் என்று இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐஎச்சி சாயச் சோதனை (திசுவில் எந்தப் புரதம் இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்ப்பது) செய்வதே இந்தக் குழப்பத்துக்காகத்தான். நுரையீரலின் சிறுசெல் புற்றில் பெரும்பாலும் டிடிஎஃப்-1 புரதம் சாயமேறும், சிகே20 என்ற புரதம் ஏறாது. மெர்க்கெல் செல் கார்சினோமா என்ற அரிய தோல் புற்றில் நேர்மாறு. அதிலும் சிகே20 செல்கருவை ஒட்டி ஒரு புள்ளியாகத் தெரியும். ரிப்போர்ட்டில் அப்படி இருக்கிறதா பாருங்கள். உங்கள் அப்பாவுக்குத் தோலிலேயே தொடங்கியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விதிவிலக்குகள் உண்டு, அதனால் நெஞ்சு ஸ்கேனை விட்டுவிடாதீர்கள்.

பெயரைப் பார்த்து இது தோலில் தொடு உணர்வுக்கு உதவும் மெர்க்கெல் செல்லில்தான் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். சாயம் அந்தச் செல்லோடு உள்ள ஒற்றுமையைத்தான் காட்டும், பிறப்பிடம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை (2008-இல் இந்தப் புற்றில் வைரஸ் ஒன்று கிடைத்த பிறகும்!). சரி, அது ஆய்வாளர்கள் பாடு. இது வேகமாகப் பரவும் வகை. நிணநீர்க் கணுவை எப்போது சோதிப்பார்கள் என்று டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள்.