டன்னுக்குப் பத்து கிராம்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை வரலாறு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்குத் தென்னாப்பிரிக்கா பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். 1867இல் வைரம், 1886இல் தங்கம், 1899இல் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் என்று படித்துக்கொண்டே போனபோது எனக்கு ஒன்று தோன்றியது. மண்ணுக்கடியில் இவ்வளவு இருந்ததே அந்த நாட்டுக்குச் சாபமாகிவிட்டது. அவை கிடைக்காமல் இருந்திருந்தால் அது ஆடுமாடு மேய்க்கும் அமைதியான நாடாக இருந்திருக்கும் அல்லவா? போயர்களை ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நின்ற ஒரு சிறிய இனம் என்று பார்க்கலாமா? அந்தப் போரில் காந்தி ஏன் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

செ.,
திருப்பூர்

அன்புள்ள செ.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் தங்கவயலில் இருந்தேன். அத்தையின் பதினாறாம் நாள் காரியம். ராபர்ட்சன்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தூரத்தில் சைனைடு மேடு தெரியும். பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய பொடி, நூறு வருஷத்துப் பொடி, மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. அதைப் பார்த்தபடிதான் போனில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். ‘சாபம்’ என்ற இடத்துக்கு வந்ததும் கோபம் வந்தது. அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் இன்னும் கடுமையாக இருந்திருக்கும்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். காந்தி 1899இல் சுமார் 1,100 இந்தியர்களைச் சேர்த்து, அடிபட்ட சிப்பாய்களைத் தூக்கிச் செல்லும் படை ஒன்றை அமைத்தார். மனம் போயர்கள் பக்கம் இருந்தது, பிரிட்டிஷ் குடிமகன் என்ற கடமை இந்தப் பக்கம் இழுத்தது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

போயர்கள், அதாவது அங்கே குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்தவர்கள், வீரர்கள்தான். ஆங்கிலேயர் அடைத்துவைத்த முகாம்களில் அவர்களுடைய பெண்களும் குழந்தைகளுமாக 26,000 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதை யாரும் சின்னதாக்க முடியாது. ஆனால் அதே போரில் கறுப்பர்களுக்கென்று தனி முகாம்கள் இருந்தன. அங்கே செத்தவர்கள் பதிவானவரை 14,000 பேருக்கு மேல். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கறுப்பர் என்ற சொல்லே உங்கள் கடிதத்தில் இல்லை. திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த ‘அமைதியான மேய்ச்சல் நாடு’. ஒரு வரலாற்று மாணவர் எழுதக்கூடிய வரியா இது? கேப் காலனியின் எல்லையில் வெள்ளையருக்கும் கோசா என்ற கறுப்பின மக்களுக்கும் 1779 தொடங்கி நூறு வருஷத்தில் ஒன்பது போர்கள் நடந்தன. எல்லாம் நிலத்துக்கும் மாட்டுக்கும் நடந்த சண்டை. அவற்றில் எட்டு, வைரம் கிடைப்பதற்கு முன்பே முடிந்துவிட்டவை.

சரி, இப்போது சாபம். தம்பி, அந்தச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. சாபம் என்று சொல்லிவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. மண் செய்தது, விதி செய்தது என்று நகர்ந்துவிடலாம். அங்கே நடந்ததை மண் செய்யவில்லை. ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காகிதத்தில் கணக்குப் போட்டுச் செய்தார்கள். அந்தக் கணக்கை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

என் மாமா முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கியவர். பத்து வயதில் அவரிடம் கேட்டேன், “மாமா, உள்ளே தங்கம் பளபளன்னு இருக்குமா?” என்று. “கண்ணுக்கே தெரியாதுடா. நான் பார்த்ததெல்லாம் கல்லுதான்” என்றார். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பாறையிலும் அப்படித்தான். ஒரு டன் பாறையை உடைத்து மேலே கொண்டுவந்து மாவாக அரைத்தால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்தது ஏறக்குறைய பத்து கிராம். நம் வீட்டுக் கணக்கில் ஒன்றேகால் பவுன். அளவில் அது உலகத்திலேயே பெரிய தங்கப் படிவு, தரத்தில் சாதாரணம். அதோடு அந்தப் படிவு சரிவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. ஆற்று மணலை அலசித் தங்கம் எடுப்பது போல ஒரு தனியாள் செய்கிற வேலை இல்லை. ஆழமான ஷாஃப்ட் (பாறைக்குள் இறங்கும் குழி), எந்திரம், வெடிமருந்து, லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பெர்லினிலிருந்தும் வந்த மூலதனம் எல்லாம் வேண்டும்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. வேறு எந்தப் பொருளாக இருந்தாலும், எடுக்கிற செலவு ஏறினால் விற்கிற விலையை ஏற்றிப் பார்க்கலாம். தங்கத்தில் அது முடியாது. அதுதான் பணமே. பிரிட்டன் பல தலைமுறையாகத் தங்கத்தின் விலையைக் கட்டி வைத்திருந்தது. 1870களில் ஜெர்மனியும் தங்க நாணயத்துக்கு மாறியது, மற்ற வல்லரசுகளும் தொடர்ந்தன. ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்த அத்தனை பேருக்கும் தங்கம் வேண்டும், ஆனால் அவுன்ஸ் விலை ஒரு பென்ஸ்கூட நகராது. வெடிமருந்து விலையும் முதலாளி கையில் இல்லை. தங்கம் கிடைத்த இடம் டிரான்ஸ்வால் என்ற போயர் குடியரசு, அதன் தலைவர் குரூகர். வெடிமருந்து ஏகபோகத்தை அவருடைய அரசு வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தது. வெள்ளைத் தொழிலாளி கூலியைக் குறைத்தால் கலகம் செய்வான், 1922இல் செய்தும் காட்டினான். அடித்துக் குறைக்க மிஞ்சியது ஒரே ஒரு செலவு, கறுப்புத் தொழிலாளியின் கூலி. 1890களில் சுரங்க முதலாளிகள் சங்கமாகக் கூடிப் பேசியே அதைக் குறைத்தார்கள்.

குறைந்த கூலிக்கு யார் வருவார்? நிலமும் மாடும் இருப்பவன் வரமாட்டான். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கிம்பர்லியில் வைரம் தோண்டிய ஆரம்ப வருஷங்களில் சோத்தோ மக்களும் பெடி மக்களும் தங்கள் இஷ்டத்துக்குத்தான் வந்தார்கள். சில மாதம் வேலை, கையில் காசு, ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது. பேரம் பேசத் தெரிந்தவர்கள். அந்தப் பேரத்தை உடைக்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. 1872இல் அனுமதிச் சீட்டு, அது இல்லாமல் நடமாட முடியாது. 1880இல் சோத்தோக்களின் துப்பாக்கிகளைப் பறிக்கப் போய் ஒரு போரே நடந்தது. 1885இலிருந்து அடைத்த கொட்டடி. ஒப்பந்தம் முடியும்வரை வேலி தாண்ட முடியாது. வெளியே விடுவதற்கு முன் துணியை உருவி, பேதி மருந்து கொடுத்து, வைரம் விழுங்கியிருக்கிறானா என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். 1894இல் கேப் காலனியின் பிரதமராக செசில் ரோட்ஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தன் பகுதியை விட்டு வெளியே போய் வருஷத்துக்கு மூன்று மாதம் வேலை செய்யாத ஆண் பத்து ஷில்லிங் வரி கட்ட வேண்டும். சும்மா இருப்பதற்கு வரி. தன் சொந்த வயலில் உழுகிறவனும் அந்தச் சட்டத்தின் கண்ணில் சும்மா இருப்பவன்தான்.

உங்கள் கட்டுரையின் தலைப்பில் ஏகாதிபத்தியப் போட்டி என்று இருக்கும், அதைப் பேசாவிட்டால் மதிப்பெண் வராது. 1884இல் ஜெர்மனி தென்மேற்கு ஆப்பிரிக்காவைப் பிடித்தது. அது டிரான்ஸ்வாலோடு கைகோத்துவிடக் கூடாது என்று அடுத்த வருஷமே பிரிட்டன் நடுவில் இருந்த பெச்சுவானாலாந்தைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. 1895இல் குரூகருக்கு போர்ச்சுகீசியர் கையிலிருந்த டெலகோவா விரிகுடாவரை ரயில் கிடைத்தது, பிரிட்டிஷ் துறைமுகம் தேவையில்லாமல் போனது. அந்த வருஷக் கடைசியில் ரோட்ஸின் ஆளான ஜேம்சன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு டிரான்ஸ்வாலுக்குள் புகுந்து, நான்கைந்து நாளில் பிடிபட்டார். ஜெர்மன் கெய்சர் குரூகருக்கு வாழ்த்துத் தந்தி அடித்தார். லண்டன் கொதித்தது. உலகத் தங்கத்தில் கால்வாசிக்கு மேல் அந்தச் சின்னக் குடியரசிலிருந்து வந்துகொண்டிருந்தபோது போர் மூண்டது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.

போர் முடிந்தவிதம்தான் எனக்கு முக்கியம். 1902 மே 31இல் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தின் எட்டாவது ஷரத்தை எடுத்துப் படியுங்கள். கறுப்பர்களுக்கு வாக்குரிமை தருவது பற்றி, வெள்ளையருக்குத் தன்னாட்சி வந்த பிறகு முடிவு செய்யப்படும் என்கிறது. வந்தபிறகு அவர்கள் என்ன முடிவு செய்வார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியும். இரண்டரை வருஷம் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

சுரங்கம் உடனே திறக்க வேண்டும், ஆள் இல்லை. போருக்குப் பிறகும் குறைத்த கூலியே என்றதும் ஆப்பிரிக்கர்கள் வரவில்லை. 1904இலிருந்து 63,000 சீனர்களைக் கப்பலில் கொண்டுவந்து, 1910க்குள் திருப்பி அனுப்பினார்கள். போர்ச்சுகீசியரோடு 1909இல் போட்ட ஒப்பந்தம் இன்னும் வெளிப்படை. மொசாம்பிக்கிலிருந்து நீங்கள் சுரங்கத்துக்கு ஆள் எடுக்கவிடுங்கள், ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்துக்கு வரும் ரயில் சரக்கில் பாதிக்குக் குறையாமல் உங்கள் துறைமுகம் வழியாக அனுப்புகிறோம் என்று பேரம். இரண்டு பேரரசுகள் மனிதர்களை ஒரு தட்டிலும் சரக்குப் பெட்டிகளை மறு தட்டிலும் வைத்து எடை போட்டன. 1910இல் இந்தக் காலனிகள் சேர்ந்து தென்னாப்பிரிக்க ஒன்றியம். 1913 நிலச் சட்டத்தில் மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினரான கறுப்பர்களுக்கு ஏறக்குறைய 7 சதவீத நிலம். அந்த 7 சதவீதத்தில் பிழைக்க முடியாது என்று தெரிந்தே ஒதுக்கியது. விலைவாசியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், 1911இல் ஒரு கறுப்புத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலியைவிட 1969இல் கிடைத்தது அதிகமில்லை. ஐம்பத்தெட்டு வருஷம்!

இதில் நம் கதையும் இருக்கிறது. தில்லையாடி வள்ளியம்மையை எல்லோருக்கும் தெரியும். அந்தப் போராட்டம் எதற்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அங்கே பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலில் ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலி, மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், இல்லை ஊர் திரும்ப வேண்டும். இரண்டும் செய்யாமல் அங்கேயே தங்கினால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி. 1895இல் வந்த சட்டம். ஒப்பந்தக் கூலியின் முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங், அதாவது ஆறு மாதச் சம்பளம் வரிக்கே போகும். அவருடைய மனைவிக்கும் அதே வரி, பதின்மூன்று வயது தாண்டிய மகளுக்கும் அதே வரி. முந்தின வருஷம் ரோட்ஸ் கேப் காலனியில் செய்த அதே வேலைதான் இது, ஆள்தான் வேறு.

அந்த வரியை எதிர்த்து 1913 அக்டோபரில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள் கொண்ட ஒரு கூட்டம் டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி நேட்டாலில் இருக்கும் நியூகாசிலுக்குப் போனது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள், வேலை நின்றது. நவம்பர் 6ஆம் தேதி இரண்டாயிரம் பேருக்கு மேல் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். பிடித்தவர்களை அடைக்கச் சிறையில் இடமில்லை. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? சுரங்கக் கொட்டடிகளையே சிறை என்று அறிவித்தது. சுரங்கத்தின் வெள்ளை ஊழியர்களே காவலர்கள், கரி வெட்டுவதே தண்டனை. எதையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. வேலி, கதவு, பூட்டு எல்லாம் முன்பே இருந்தன.

மாமா கடைசி வருஷங்களில் உட்கார்ந்தபடிதான் தூங்கினார். படுத்தால் இருமல். கல்லுப் பொடி நெஞ்சில் தங்கிவிட்டது என்று அத்தை சொல்வார். காற்று அடிக்கிற மாதங்களில் சைனைடு மேட்டிலிருந்து வருகிற தூசிக்காக ஜன்னலில் ஈரத் துணி கட்டுவார். காரியத்துக்குப் போன அன்றும் அந்த ஜன்னலில் ஆணிகள் அப்படியே இருந்தன. அங்கே நின்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இந்த வயதில் இதையெல்லாம் படித்துவிட்டு ஒருவரிடம் கேட்கத் தோன்றுகிறதே, அது எனக்குச் சந்தோஷம். கட்டுரையை 1867இல் தொடங்காதீர்கள், 1902இன் அந்த எட்டாவது ஷரத்திலிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். நியூகாசிலுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், வாத்தியாரிடம் கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.