22 வயது மகனின் கல்லூரிக் கட்டணம்: வரிச் சலுகை யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு 22 வயது, கல்லூரியில் நான்காம் ஆண்டு. கட்டணம், சாப்பாடு, வாடகை எல்லாம் நாங்கள்தான். 2025 கோடையில் இன்டர்ன்ஷிப் போய் 14,000 டாலர் சம்பாதித்தான். ரிட்டர்ன் போடும்போது, தன்னை யாரும் டிபென்டென்டாக (தங்களைச் சார்ந்திருப்பவராக) காட்ட முடியாது என்று குறித்துவிட்டான். இப்போது அவனை டிபென்டென்டாகக் காட்டிய எங்கள் இ-ஃபைலிங் நிராகரிக்கப்பட்டுவிட்டது. "சம்பளம் வாங்குகிற பையனை எப்படிக் காட்டுவீர்கள்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கல்விக்கான டாக்ஸ் கிரெடிட் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. நண்பர்கள் மனதில் வைத்திருப்பது 2025-க்கான 5,200 டாலர் வருமான வரம்பு. அது 24 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் மற்ற உறவினர்களுக்கும் உரியது. டிசம்பர் 31 அன்று 24 ஆகாத, வருடத்தில் ஐந்து மாதமாவது முழுநேரம் படித்த பிள்ளைக்குச் சம்பள வரம்பே இல்லை. தன் செலவில் பாதிக்கு மேல் அவனே பார்த்துக்கொண்டானா என்பதுதான் கேள்வி. வங்கியில் போட்டு வைத்த சம்பளம் இந்தக் கணக்கில் வராது, செலவழித்தது மட்டுமே வரும். ஸ்காலர்ஷிப்பும் வராது. படிப்புக்காக வெளியூரில் தங்கியிருந்தாலும் உங்கள் வீட்டில் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

டிபென்டென்டாகக் காட்டுபவருக்குத்தான் கிரெடிட். கல்லூரி தரும் கட்டணச் சான்றான 1098-டி படிவம் மகன் பெயரில் வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் என்ற இந்தக் கல்விச் சலுகையில், கட்டணமும் புத்தகமுமாக முதல் 2,000 டாலர் முழுவதும், அடுத்த 2,000-இல் கால் பங்கும் சேர்த்து, அதிகபட்சம் 2,500 டாலர் உங்கள் வரியிலிருந்தே கழியும். வாடகை, சாப்பாடு இதில் சேராது. 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டிய தொகையையே மறுபடி இதற்கும் காட்டக் கூடாது. ஒரு மாணவருக்கு நான்கு வருடம்தான் கிடைக்கும். ஏற்கெனவே எத்தனை முறை எடுத்தீர்கள் என்று பழைய ரிட்டர்ன்களைப் பாருங்கள்.

உங்கள் வருமானத்தை நீங்கள் எழுதவில்லை. கணவன் மனைவி கூட்டு ரிட்டர்னில் 1,60,000 டாலரைத் தாண்டினால் கிரெடிட் குறையும், 1,80,000-இல் முழுவதும் போய்விடும். இருவரும் வேலை பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி இருந்தாலும் மகனை விட்டுக்கொடுக்காதீர்கள். கிரெடிட்டைக் கழித்துக்கொள்ள அவனுக்கு வரியே இல்லை, உங்களுக்கோ மற்ற டிபென்டென்ட்டுகளுக்கான 500 டாலர் கிரெடிட் இருக்கிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: மகன் 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் படிவத்தில் அந்தக் குறிப்பைத் திருத்தட்டும். அவனுக்கு நஷ்டமில்லை. டிபென்டென்டுக்கான நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழியும் தொகை), உழைத்துப் பெற்ற வருமானத்தோடு 450 டாலர் சேர்த்தது. 14,000 சம்பளத்துக்கு 14,450 கழிவு, ஆக ஃபெடரல் வருமான வரி பூஜ்யம். நிராகரிக்கப்பட்ட உங்கள் ரிட்டர்ன் தாக்கலானதாகவே கணக்கில்லை. கல்விக் கிரெடிட்டுக்கான 8863 படிவத்தையும் இணைத்து, கையெழுத்திட்டு, ஏப்ரல் 15-க்குள் தபாலில் அனுப்புங்கள். கட்டண ரசீதுகளையும் வாடகை ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். ஒரே ஆளை இரண்டு ரிட்டர்னில் பார்த்தால் வரித்துறையான ஐஆர்எஸ் கடிதம் அனுப்பலாம், அப்போது அவைதான் கைகொடுக்கும்.