இடமும் மடமும்

கேள்வி: லண்டன் சென்றிருந்தபோது தேம்ஸ் நதிக்கரையில் இன்னர் டெம்பிள் தோட்டத்தைக் கண்டேன். காந்தியடிகள் பாரிஸ்டர் ஆன இடம் என்றார்கள். ‘டெம்பிளர்’ என்ற துறவிகளின் பெயரால் வழங்கும் தோட்டமாம். உள்ளே துறவி ஒருவர்கூட இல்லை, வழக்கறிஞர்கள்தான் உலாவுகிறார்கள். அந்தத் துறவிகள் புதையலோடு மாயமாய் மறைந்த மர்மத்தைத் தாங்கள் விளக்க வேண்டும். (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘மர்மம்’ என்ற சொல்லோடு இந்தப் பக்கத்துக்கு உள்ள பகை பழைய வாசகர்கள் அறிந்ததுதான். மர்மம் என்று ஒரு முறை சொல்லிவிட்டால், யார் செய்தார்கள், எந்த உத்தரவைக் காட்டிச் செய்தார்கள், சொத்து யார் கைக்குப் போயிற்று என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமலே வேலையை முடித்துக்கொள்ளலாம். டெம்பிளர் விஷயத்தில் இம்மூன்றுக்கும் விடை எழுத்தில் இருக்கிறது, தேதியோடு இருக்கிறது. அதைப் படிக்கப் பொறுமையில்லாதவர்கள்தான் எழுநூறு ஆண்டுகளாகப் புதையல் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சிலுவைப் போர்க் காலத்தில், 1119ஆம் ஆண்டு வாக்கில், ஜெருசலேம் செல்லும் யாத்திரிகர்களுக்குக் காவலாகச் சில வீரர்கள் துறவு பூண்டு ஒரு சபை கண்டார்கள். பண்டைய சாலமோன் ஆலயம் நின்றதாகக் கருதப்பட்ட வளாகத்தில் தங்க இடம் கிடைத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வறுமை, பிரம்மச்சரியம், கீழ்ப்படிதல் என்ற மூன்று விரதங்களை ஏற்றவர்கள் அவர்கள்; தனி ஆள் ஏழையாகவே இருக்க, சபை மட்டும் பணக்காரச் சபையாக வளர்ந்தது. லண்டனில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் புனித நாட்டில் அதைக் காட்டிப் பணமாக்கிக்கொள்ளும் ஏற்பாட்டை நடத்தியவர்கள் இந்தத் துறவிகளே. லண்டனில் அவர்கள் நதியோரமாய் வாங்கிய நிலத்தில் 1185ஆம் ஆண்டு ஜெருசலேம் திருச்சபையின் தலைவரான பிதாப்பிதாவே வந்து அபிஷேகம் செய்து வைத்த வட்ட வடிவத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அரசாங்கக் கருவூலத்தில் ஒரு பகுதிகூட அந்த வளாகத்தில்தான் இருந்தது. 1215ஆம் ஆண்டு ஜனவரியில் ஜான் மன்னர் அங்கே தங்கியிருந்த வேளையில்தான் பிரபுக்கள் ஆயுதங்களோடு வந்து தங்கள் உரிமைகளைக் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை அதே ஆண்டு ஜூனில் மாக்னா கார்ட்டாவில் போய் முடிந்தது.

இப்படிப்பட்டவர்களை யார் மறையச் செய்தார்கள் என்பதற்கு வருவோம். அவர்களிடம் கடன்பட்டிருந்த பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப், 1307 அக்டோபர் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று தம் நாட்டிலிருந்த டெம்பிளர்களை ஒரே நாளில் கைது செய்ய உத்தரவிட்டார். கடன் கொடுத்தவரைச் சிறையில் தள்ளுவது கடனை அடைப்பதற்குச் சுருக்கமான வழி என்பது அவருக்கு எட்டியிருந்தது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டு முதலில் தயங்கி, அடுத்த ஜனவரியில் தாமும் கைது செய்தார். 1312ஆம் ஆண்டு போப் ஐந்தாம் கிளமென்ட் சபையைக் கலைத்து, அதன் சொத்துகளை ஹாஸ்பிட்டலர் என்ற மற்றொரு துறவிச் சபைக்கு மாற்றி எழுதினார். பிரான்சில் பலர் தீயிலிடப்பட்டார்கள். இங்கிலாந்தில் கதை அத்தனை கொடூரமாகப் போகவில்லை. தவறை ஒப்புக்கொண்டு பாவ மன்னிப்புப் பெற்றவர்களை ஆளுக்கொரு மடத்துக்கு அனுப்பி, நாளொன்றுக்கு நாலு பென்னி படி அளந்தார்கள். புதையலோடு தப்பியவர்கள் நாலு பென்னிக்குக் கைகட்டி நிற்பார்களா என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது கேள்விதான் சுவையானது. ‘இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்’ என்ற நம் பழமொழி எந்த ஊரில் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டதோ தெரியாது. அது சொல்லுக்குச் சொல் நிறைவேறிய ஊர் லண்டன். 14ஆம் நூற்றாண்டில் அந்த வளாகத்தில் வாடகைக்குக் குடியேறியவர்கள் சட்டம் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் ஆவார்கள். வீட்டுக்காரர்களான ஹாஸ்பிட்டலர்களை எட்டாம் ஹென்றி 1540ஆம் ஆண்டு கலைத்தார். வாடகைதாரர்கள் அசையவில்லை, வாடகையை மன்னருக்குக் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1381ஆம் ஆண்டு உழவர் கலகத்தின்போது, கலகக்காரர்கள் நேராக அங்கே போய் வீடுகளை இடித்து, சுவடிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். அதற்கும் அசையாதவர்கள் இதற்கா அசைவார்கள்? கடைசியாக, 1608ஆம் ஆண்டு முதலாம் ஜேம்ஸ் மன்னர், தேவாலயத்தையும் அதன் குருவையும் என்றென்றும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, நிலத்தை இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற இரண்டு வழக்கறிஞர் சங்கங்களுக்கும் சாசனம் செய்து கொடுத்துவிட்டார். அந்த நன்றிக்காக அவர்கள் மன்னருக்கு ஒரு தங்கக் கிண்ணம் பரிசளித்தார்கள். அவருடைய மகன் முதலாம் சார்லஸ் அதை அடகு வைத்துவிட்டார். டெம்பிள் நிலத்தைப் பற்றி எழுதுகிறவர் தங்கம் என்று எதையாவது குறிப்பிட்டே தீர வேண்டுமானால் அந்தக் கிண்ணத்தைக் குறிப்பிடலாம், அதுவும் அடகுக் கடையில்.

துறவிகளிடமிருந்து வழக்கறிஞர்கள் நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, முத்திரையையும் எடுத்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. ஒரே குதிரையில் இரண்டு வீரர்கள் ஏறிச் செல்வது டெம்பிளர் முத்திரை. இரண்டாவது குதிரை வாங்க வக்கில்லாத வறுமைக்கு அது அடையாளம் என்பார்கள். இன்னர் டெம்பிளின் சின்னமோ சிறகு முளைத்த குதிரை. தேய்ந்துபோன பழைய முத்திரையில் இரண்டு ஏழை வீரர்கள் பிற்காலத்தார் கண்ணுக்கு இரண்டு சிறகாகத் தெரிந்துவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. உண்மையோ பொய்யோ, வழக்கறிஞர்கள் கையில் வறுமை சிறகாக மாறியது என்பதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாசலில் இருக்கும் மிடில் டெம்பிளின் சின்னம் கொடி தாங்கிய ஆட்டுக்குட்டி. பெயர் தெரியாத குறும்புக்காரர் ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பாட்டுக் கட்டினார்: ஆட்டுக்குட்டி வழக்கறிஞரின் கபடமின்மையைக் காட்டுகிறது, குதிரை வழக்கு முடியும் வேகத்தைக் காட்டுகிறது என்று. பொறுக்க முடியாத இன்னொருவர் எதிர்ப்பாட்டு எழுதினார்: கட்சிக்காரரே, ஏமாறாதீர், ஆட்டுக்குட்டி நீர்தான், அவர்கள் ஓநாய்கள், குதிரையும் நீர்தான், அவர்கள் உம்மீது ஏறி ஓட்டுகிறவர்கள். வழக்கறிஞர் சந்தாதாரர்கள் என்மீது கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் எடுத்துச் சொல்பவன் மட்டுமே.

தோட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். ஷேக்ஸ்பியர் ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் முதல் பாகத்தில், இங்கிலாந்தின் அரியணைக்குப் போட்டியிட்ட இரு குலங்களில் யார்க் கட்சியார் வெள்ளை ரோஜாவும் லங்காஸ்டர் கட்சியார் சிவப்பு ரோஜாவும் பறித்துக்கொள்ளும் காட்சியை இந்தத் தோட்டத்தில்தான் அமைத்தார். காட்சி அவருடைய கற்பனை. ஆனால் சுற்றுலா வழிகாட்டிகள் இன்றளவும் அதை நடந்த சங்கதியாகவே சொல்லி வருகிறார்கள். நிலக்கரிப் புகை லண்டனை மூடியிருந்த 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தோட்டத்துக்குப் பேர் வாங்கித் தந்தது ரோஜா அன்று, சாமந்தி. தலைமைத் தோட்டக்காரர் சாமுவேல் புரூம் அந்தப் புகையிலும் அதைச் செழிக்க வளர்த்துக் காட்டி, வளர்க்கும் முறையை 1857ஆம் ஆண்டு புத்தகமாகவும் எழுதினார். ஷேக்ஸ்பியரை அறிந்தவர்களில் நூற்றுக்கு ஒருவராவது புரூமை அறிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இன்று செல்சியில் நடக்கும் புகழ்பெற்ற மலர்க் கண்காட்சிக்கும் இதுவே தாய் வீடு. அரசத் தோட்டக்கலைச் சங்கம் அதன் வசந்தக் கண்காட்சியை 1888 முதல் 1911 வரை இங்கேதான் நடத்தியது. நதியோரம் தாங்கள் நடந்த புல்வெளியில் ஒரு பகுதி துறவிகள் காலத்தில் தேம்ஸின் தண்ணீர். 1860களில் கரை கட்டி நதியை ஒதுக்கியபோது சேர்ந்த நிலம் அது.

காந்தியடிகளைப் பற்றித் தங்களுக்குச் சொன்னவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 1888ஆம் ஆண்டு சேர்ந்து 1891 ஜூன் 10ஆம் தேதி அவர் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் ஆனார் என்பது உண்மை. ராஜத்துரோக வழக்கில் அவர் சிறை சென்ற 1922ஆம் ஆண்டிலேயே அவருடைய பெயரை அதே சங்கம் பட்டியலிலிருந்து நீக்கிற்று என்பதும் உண்மை. நீக்கியது தவறு என்று முடிவு செய்து பெயரைத் திரும்பச் சேர்த்தது 1988ஆம் ஆண்டு, அதாவது அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின். தங்கள் சொந்த உறுப்பினருடைய வழக்கை முடிப்பதற்கே அறுபத்தாறு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட இந்தச் சங்கத்தின் சின்னம்தான் அந்தச் சிறகு முளைத்த குதிரை.